புளியமரத்தின் பெண்பால்

கல்லூரியின் உலர்தாவரச் சேகரிப்பான ஹெர்பேரியத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. புளிய இலைத் தாளில் அதன் லத்தீன் அறிவியல் பெயராக ‘டாமரிண்டஸ் இண்டிகஸ்’ என்று எழுதிவைத்தேன். முன்சொல் ‘அஸ்’ என்று முடிகிறது, பின்சொல்லும் அப்படியே முடிவதுதானே முறை என்று நினைத்தேன். மேடம் பார்த்துவிட்டு, “இல்லம்மா, புளியமரம் பெண்பால். இண்டிகான்னு எழுது” என்றார்.

எனக்குப் பிடிபடவே இல்லை. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று தமிழில் ‘நல்ல’ மாறாமல் நிற்கிறது. லத்தீனிலோ பெயரின் பாலைப் பார்த்து அடைமொழி தன் ஈற்றை மாற்றிக்கொள்ளும். ஆண்பாலுக்கு இண்டிகஸ், பெண்பாலுக்கு இண்டிகா, இரண்டும் அல்லாததற்கு இண்டிகம். எள் ‘செசாமம் இண்டிகம்’ ஆனதும், மா ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’ ஆனதும் இதனால்தான். புளியில் நான் இடறிய இடம் வேறு. மரப்பெயர் ‘அஸ்’ என்று முடிந்தாலும் அதைப் பெண்ணாகக் கொள்வது லத்தீன் மரபு. அரசமரமும் அப்படித்தான் ஃபைக்கஸ் ரிலிஜியோசா ஆயிற்று.

அப்புறம் ‘இண்டிகஸ்’ என்ற சொல்லின் பிறப்பைத் தேடிப் போனேன். சிந்து என்ற ஆற்றின் பெயர் பாரசீகர் வாயில் ‘ஹிந்து’ ஆனது. கிரேக்கர் ஹகரத்தை விட்டு ‘இண்டோஸ்’ என்றார்கள். அதிலிருந்து பிறந்த ‘இண்டிகோஸ்’ என்ற அடைமொழிதான் லத்தீனில் ‘இண்டிகஸ்’, அதாவது இந்தியாவைச் சேர்ந்தது.

புளியின் பெயரில் எனக்கு இன்னொரு வியப்பு காத்திருந்தது. அரபு வணிகர்கள் அதை ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். ‘டாமரிண்டஸ்’ அதிலிருந்து வந்தது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதோடு ‘இண்டிகா’வையும் சேர்த்தார். ஆக ஒரே பெயரில் இந்தியா இரண்டு முறை இருக்கிறது. மரத்தின் பூர்வீகமோ வெப்பமண்டல ஆப்பிரிக்கா! கன்னா இண்டிகா என்கிற கல்வாழைக்கும் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். இண்டிகா என்று இருந்தாலே நம் நாட்டுச் செடி என்று நம்பியிருந்த எனக்கு, ஒவ்வொரு தாளையும் மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றியது.

2012 முதல் புதிய தாவரத்துக்கு லத்தீனில்தான் விளக்கம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆங்கிலமும் போதும். பெயர் மட்டும் இன்றும் லத்தீன் இலக்கணப்படிதான் நடக்கிறது. ஆகவே புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே எள், மா, புளி மூன்று தாள்களையும் மேசையில் எடுத்து வைத்துவிடுகிறேன். புளியைக் கடைசியாக.