"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று ஜூமில் கேட்காதீர்கள்

ஜூமில் ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. பேசியவரும் ஆட்கள் கவனிக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். அது தவறான முடிவு என்பது என் உறுதியான கருத்து. அறுபது பேர் கேட்டுக்கொண்டிருக்க, வீட்டில் குக்கர் விசிலும் டிவி சத்தமும் இருக்கும்போது மியூட்டை எடுத்துவிட்டு முதல் ஆளாகப் பேச யாருக்கும் தயக்கம் இருக்கும். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

சாட்டில் ஒரே ஒரு எண்ணைத் தட்டினால் பதில் முடிந்துவிட வேண்டும். மாடித்தோட்டப் பயிற்சி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "உங்கள் மாடி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள். "உங்கள் மாடியில் எவ்வளவு நேரம் நேரடி வெயில் விழுகிறது? நான்கு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் 1, நான்கிலிருந்து ஆறு என்றால் 2, அதற்கு மேல் என்றால் 3" என்று கேளுங்கள், எண்கள் வந்து விழும். வந்த பதிலை வைத்து உங்கள் பேச்சும் மாற வேண்டும். 1 அதிகமாக வந்தால் கீரையை முதலில் எடுங்கள். 3 அதிகமென்றால் தக்காளி, கத்தரிக்குப் போகலாம். தாங்கள் அனுப்பிய எண்ணால் எதுவும் மாறவில்லை என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. கைபேசியில் ஜூம் சாட்டைத் திறந்தால் அது ஸ்லைடை மறைத்துவிடும். 1 எது, 3 எது என்று மறந்துபோனவர் திரும்பி ஸ்லைடைப் பார்க்கப் போவார், அதற்குள் நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பீர்கள். அதனால் கேள்வியையும் மூன்று விடைகளையும் முன்கூட்டியே தட்டி வைத்து, கேட்கும் அதே நேரத்தில் சாட்டிலும் ஒட்டிவிடுங்கள். வாயாலும் இரண்டு முறை சொல்லுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும், பலர் தடுமாறுவது இங்கேதான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே காட்டினார். அது வகுப்பறைக் கணக்கு. ஆன்லைனில் குரல் போய்ச் சேரும் தாமதம், சாட்டைத் திறக்கும் நேரம், தட்டச்சு எல்லாம் சேர்ந்தால் 15 நொடியாவது வேண்டும். மனதுக்குள் பதினைந்து எண்ணுங்கள், தண்ணீர் குடியுங்கள். அந்த இடைவெளியில் மட்டும் பேசாதீர்கள்; பேசினால் தட்டிக்கொண்டிருப்பவர் நிறுத்திவிட்டு உங்களைக் கேட்கத் தொடங்கிவிடுவார்.

முதலில் வந்த பதிலையே மற்றவர்களும் போடுகிறார்கள் என்றால், "எல்லோரும் டைப் பண்ணி வைங்க, நான் சொன்னதும் அனுப்புங்க" என்று சொல்லுங்கள். பத்து நொடி கழித்து அனுப்பச் சொன்னால் ஒவ்வொருவரின் சொந்தப் பதிலும் கிடைக்கும். மூன்று நான்கு பேரின் பதிலைப் பெயர் சொல்லி வாசியுங்கள். 'veyil kammi' என்று தங்கிலீஷில் வந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழை திருத்தினால் அத்தோடு அவர் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

கூட்டம் தொடங்கிய மூன்று நிமிடத்துக்குள் முதல் கேள்வி வரட்டும். அதற்குச் சரி, தவறு என்று விடை இருக்கக் கூடாது. அதன்பின் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்கு ஒன்று போதும். பார்வையாளர்களிடம் கேள்வி கேட்டு வாக்கெடுக்கும் மென்டிமீட்டர், ஸ்லைடோ தளங்களெல்லாம் நல்ல கருவிகள்தான், ஆனால் கைபேசியில் பார்ப்பவரை வேறு பக்கத்துக்கு அனுப்பினால் சிலர் வாட்ஸ்அப் பக்கம் போய்விட்டுத் திரும்புவதில்லை. பார்வையாளர்களில் பாதிப் பேர் கைபேசியில் இருந்தால் சாட்டே போதும்.

அதே கைபேசியை நினைத்துத்தான் ஸ்லைடையும் செய்ய வேண்டும். பவர்பாயிண்டின் வழக்கமான ஸ்லைடு சுமார் 34 செ.மீ. அகலம். நெடுக்காகப் பிடித்த கைபேசியில் அது 7 செ.மீ. அளவுக்குள் வந்துவிடும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் 24 பாயிண்டில் அடித்த எழுத்து அங்கே 5 பாயிண்ட். தமிழில் இது இன்னும் மோசம்: இணைப்பு மந்தமாகிப் படம் கலங்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளியும், இகர ஈகாரச் சுழியும்தான். 40 பாயிண்டுக்குக் குறையாமல், ஆறு வரிக்கு மேல் போகாமல் வையுங்கள். ஒரு ஸ்லைடைப் படமாகச் சேமித்து உங்கள் கைபேசிக்கே அனுப்பி, பெரிதாக்காமல் வாசித்துப் பாருங்கள்.

ஸ்லைடு தேவையில்லாத இடத்தில் ஷேரை நிறுத்திவிடுங்கள், உங்கள் முகம் பெரிதாகத் தெரியும். வீடியோ போடுவதென்றால் ஷேர் செய்யும்போதே 'ஷேர் சவுண்ட்' பெட்டியை டிக் செய்ய வேண்டும். அதை மறந்தால் உங்களுக்கு மட்டும் ஒலி கேட்கும், மற்றவர்களுக்கு ஊமைப்படம் ஓடும். இன்டர்நெட் சுமார்தான் என்றால் வீடியோவின் யூடியூப் இணைப்பைச் சாட்டில் போட்டு, பார்த்துவிட்டு வர நேரம் கொடுப்பது மேல்.

இவ்வளவையும் ஒருவரே பார்ப்பது கடினம். ஒருவரை கோ-ஹோஸ்ட் (கூட்டத்தை உங்களோடு சேர்ந்து நடத்துபவர்) ஆக்குங்கள். காத்திருப்போரை உள்ளே விடுவது, சத்தம் வரும் மைக்கை மியூட் செய்வது, கேள்வியைச் சாட்டில் ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. "குரல் விட்டுவிட்டு வருது" என்று உங்களை இடைமறித்துச் சொல்லும் உரிமையையும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும். அதில் நடத்துபவர்கள் 30-வது நிமிடத்தில் பாடத்தை நிறுத்தி, "இன்று சொன்னதில் எது உங்களுக்குக் கடினமாக இருக்கும்? மண் கலவை 1, நீர் 2, பூச்சி 3" என்று கேட்டு, அதிகம் வந்த ஒன்றை மட்டும் மீதி நேரத்தில் விளக்குங்கள்.