ஹெட் கேஸ்கெட் முடிந்தது, ஹீட்டர் இன்னும் வெதுவெதுப்பு

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்தியபோதும் மாருதி 800-இன் டெம்பரேச்சர் ஊசி பாதியைத் தாண்டவில்லை. இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடான ஹெட் கேஸ்கெட்டை மாற்றிய வேலை முடிந்தது என்று இனி தைரியமாகச் சொல்லலாம். பாக்கி ஹீட்டர்தான்.

சேலத்து வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். ஆனால் கோளாறை முதலில் காட்டிக்கொடுத்ததே அதுதான். டிசம்பர் பனியில் மலை ஏறும்போது சூடாக வந்துகொண்டிருந்த காற்று, பாதி வழியில் திடீரென்று குளிர்ந்துவிடும். அதே நேரம் ஊசி மேலே போகும். இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் ஏன் குளிர வேண்டும்? ஹீட்டரின் கோருக்குள் (இன்ஜினின் சூடான தண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) தண்ணீர் ஓடாமல் வாயு நிறைந்தால் அப்படித்தான் நடக்கும்.

வண்டியைக் காட்டிய பட்டறையில் ஆயில் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, "ஆயில் சுத்தமா இருக்கு சார், கேஸ்கெட்டுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார்கள். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் ஸ்விட்ச் என்று வரிசையாக மாற்றினார்கள். பில்லும் ஏறியது, ஊசியும் ஏறியது. சிலிண்டருக்கும் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டுக்கும் நடுவில் மட்டும் கேஸ்கெட் விட்டுப்போனால் தண்ணீர் ஆயிலில் கலக்காது, ஆயில் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும். இதை ஏன் யாரும் யோசிப்பதில்லை?

இதற்குக் கருவியே வேண்டாம். ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாவதற்குள்ளேயே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் உள்ளே இருப்பது எரிந்த வாயு. அப்புறம் மனசு கேட்காமல் நீலத் திரவம் உள்ள சோதனைக் கிட்டும் வாங்கினேன். ரேடியேட்டர் வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சினால், கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகும். ஆனது.

(ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கீழே தெரியாதது மேலே தெரியும்.)

கேஸ்கெட்டை மாற்ற ஹெட்டைக் கழற்றி இறக்கினேன். நடு பிஸ்டனின் தலை மட்டும் கரியே இல்லாமல் பளிச்சென்று இருந்தது; தண்ணீர் புகுந்த சிலிண்டர் அதுதான். ஹெட் வளைந்திருந்ததால் லேத்தில் ஃபேஸிங் போட்டு அடிப்பக்கத்தைச் சமமாக்கியாயிற்று. நான் அதிக நேரம் செலவழித்தது பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளில். அடியில் கொஞ்சம் கூலன்ட் தேங்கினாலும் போல்ட் அதைத்தான் அழுத்தும், ஹெட்டை அல்ல. போல்ட் எவ்வளவு இறுகியது என்று காட்டும் டார்க் ரெஞ்ச் மட்டும் சரியாக 'டிக்' என்று பொய் சொல்லும். பிளாக்கே விரிசல் விடவும் கூடும். சிரிஞ்சால் உறிஞ்சி, துணி சுற்றிய கம்பியால் துடைத்து, காற்றடித்து, மறுபடி துடைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கேஸ்கெட் வாங்கும்போது ஒரிஜினலையும் லோக்கலையும் பக்கத்தில் வைத்து, சிலிண்டர் வாயைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். விலை வித்தியாசம் ஏன் என்று புரியும்.

சரி, ஹீட்டர். முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து, ஃபேன் ஓடி நிற்கும்வரை விட்டுக் காற்றை வெளியேற்றினேன். அப்படியும் உள்ளே போகும் ஹோஸ் தொட முடியாத சூடு, திரும்பி வரும் ஹோஸ் வெதுவெதுப்பு. கோரில் அடைப்பு. முன்னால் வைத்திருந்தவர் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார், போதாக்குறைக்கு லீக் அடைக்கும் பொடி வேறு. எதிர்த்திசையில் தண்ணீர் விட்டதும் செம்மண் நிறத்தில் சேறும் செதில்களும் கொட்டின. குழாயை மெதுவாகத்தான் திறந்தேன். பழைய கோர் பிளந்தால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டிவரும்.

அடுத்து சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊறவைக்கலாம் என்று இருக்கிறேன். கோர் செம்பா அலுமினியமா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் அதைத் தொடுவேன். ஹீட்டர் வால்வு கேபிளும் பாதியில்தான் நிற்கிறது. அதற்குள் ஏற்காட்டுக்கான இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக ஒரு முறை ஏறிப் பார்த்துவிட வேண்டும்.