கொலோனில் மூன்று ராஜாக்கள் சந்நிதி

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை எந்த நாளிலும் பார்க்கலாம். நான் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் போக வேண்டும் என்று காத்திருந்தேன். ஆண்டு முழுக்க மூடியிருக்கும் பொற்பேழையின் முகப்புத் தகடு ஒன்றை அன்று கழற்றி வைப்பார்கள். கம்பித் தடுப்புக்குப் பின்னால், கிரீடம் சூடிய மூன்று மண்டை ஓடுகள் தெரியும். விண்மீனைப் பின்தொடர்ந்து வந்து குழந்தை இயேசுவை வணங்கிய ஞானிகளின், அதாவது அந்த மூன்று ராஜாக்களின், திருப்பண்டம் (புனித எலும்புகள்) என்று தலைமுறை தலைமுறையாக வணங்கப்படுபவை.

1164-இல் கொலோன் பேராயர் ரைனால்ட் இவற்றை மிலான் நகரிலிருந்து கொண்டுவந்தார். மிலானைப் பிடித்த ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா அவருக்குக் கொடுத்தது. போர்க் கொள்ளைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு பகுதி எலும்புகள் 1900-களின் தொடக்கத்தில் மிலானுக்கே திரும்பிப் போயின என்பதில் எனக்கு நிம்மதி. திருப்பண்டத்தைத் தேடி வந்த கூட்டத்துக்கு ஏற்ற ஆலயமாகத்தான் 1248-இல் இப்போதைய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடிய 1880 ஆயிற்று.

பேழை பெரிய பீடத்துக்குப் பின்னால், கண்ணாடிக்குள் இருக்கிறது. சுமார் 2.2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம். கூரை, தூண், வளைவு என்று ஒரு சிறிய ஆலயமாகவே செய்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளும் கற்களும் பதித்தது. அவற்றில் பழைய ரோமானிய, கிரேக்கச் செதுக்குக் கற்களும் உண்டு. வேற்றுத் தெய்வங்களின் உருவம் இருந்தும் தூக்கி எறியவில்லை. அழகானது எதுவும் ஆண்டவருக்கே என்று வைத்துவிட்டார்கள்.

முகப்பின் நடுவே மாதா, மடியில் பாலன். காணிக்கையோடு வரும் மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் நான்காவதாக ஒருவர்: பேழைக்குத் தங்கம் கொடுத்த ஜெர்மானிய மன்னர் நான்காம் ஓட்டோ, தலையில் கிரீடமில்லாமல். அரசியல் விளம்பரம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். வரிசையின் கடைசியில் வெறுந்தலையோடு நிற்க ஆசைப்பட்டவர் என்றே எனக்குப் பட்டது.

ஆனால் முகப்போடு திரும்பிவிடாதீர்கள். பக்கவாட்டில்தான் என் கால்கள் நகர மறுத்தன. மேல் வரிசையில் அப்போஸ்தலர்கள், கீழ் வரிசையில் இறைவாக்கினர்கள். இறைவாக்கினர்களைச் செய்தவர் வெர்துன் ஊர் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லர். பேழை வேலை 1190 வாக்கில் தொடங்கி 1220-கள் வரை நீண்டது. வெள்ளித் தகட்டைப் பின்னாலிருந்து தட்டித் தட்டிப் புடைத்தெழச் செய்து, தங்க முலாம் பூசியிருக்கிறார்கள். எரேமியா, தானியேல், தாவீது என ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனிக் கவலை. நெற்றிச் சுருக்கமும் முழங்காலில் ஒட்டி விழும் துணி மடிப்பும் தெரிகின்றன. காத்திருந்தே காலம் கழித்தவர்களின் களைப்பு அந்தக் கண்களில் இருக்கிறது. இத்தனை உயிரை உலோகத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

மூன்று ராஜாக்கள் பயணிகளுக்குப் பாதுகாவலர்கள். அந்த மண்டை ஓடுகளில் தொட்டு எடுத்த அச்சுச் சீட்டுகளை ஒரு காலத்தில் பயணிகள் காப்பாக எடுத்துச் செல்வார்களாம். நான் பேழைக்கு முன் முழந்தாளிட்டு, வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பிக்காகவும், லாரி ஓட்டும் மச்சானுக்காகவும் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டேன்.