வலது கண்ணின் நாட்குறிப்பு

மார்ச் 3

கண்புரை அறுவைக்குப் பின் அபூர்வமாக வரும் உட்கண் தொற்று, எண்டாஃப்தால்மைட்டிஸ். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள்: வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராம். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விழிக்கூழைக் கொஞ்சம் உறிஞ்சி, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பியாயிற்று. “மாத்திரை போதாதா டாக்டர்?” என்று அக்கா கேட்டாள். இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டாம். பெரும்பாலான மருந்து அதைத் தாண்டிப் போதிய அளவு உள்ளே போகாதாம்.

அறுவைக்குப் பின் வலியோ சிவப்போ மங்கலோ கூடினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இதில் மணிக்கணக்குதான் பேச்சு.

மார்ச் 5

விழித்திரையைப் படமெடுக்கப் பார்த்தார்கள், வெறும் வெள்ளை. விழிக்கூழின் கலங்கலுக்குள் ஒளி போகவில்லை. அப்புறம் மூடிய இமைமேல் ஜெல் தடவி பி-ஸ்கேன். ஒலி அலைக்குக் கலங்கல் தடையில்லை. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் புள்ளிப் புள்ளியாக மின்னியது. ஆனால் பின்னால் விழித்திரை பிரியாமல் ஒட்டியிருந்தது. அது போதும் எனக்கு.

மார்ச் 11

விரல்களை எண்ண முடிகிறது.

மார்ச் 26

முதல் ஓசிடி. ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன். சில மைக்ரான் நுணுக்கம்வரை தெரியும். இடது கண்ணில் நடுவே அழகான சின்னப் பள்ளம். வலதில் பள்ளமே இல்லை. கறுப்புக் கறுப்பாக நீர்ப்பைகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தடிமன் 430 மைக்ரான், இடதில் 262. தொற்று அடங்கினாலும் அழற்சி விட்டுப்போன நீர்க்கோப்பு இது. ஸ்டீராய்டு சொட்டு தொடர்கிறது.

ஏப்ரல் 23

வலதில் தடிமன் 281! ஆனால் எழுத்துப் பலகையில் ஒரு வரிகூட முன்னேறவில்லை. மனசு விட்டுப்போனது. டாக்டர் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காட்டினார். ஒளியை உணரும் செல்களின் கோடு. என்னுடையது நடுவில் அறுந்து அறுந்து கிடக்கிறது. நீர் முதலில் வற்றும். கோடு சேர மாதங்கள் ஆகலாம், சில இடத்தில் சேராமலும் போகலாம். தடிமன் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பழைய படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஜூன் 12

கோடு ஓரளவு சேர்ந்திருக்கிறது. பலகையில் இரண்டு வரி கூடுதலாகப் படித்தேன், அக்கா அழுதுவிட்டாள். கதவுச் சட்டம் இன்னும் நடுவில் வளைந்துதான் தெரிகிறது. கட்டம் போட்ட தாளைத் தினமும் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். வளைவு கூடினால் அன்றே வரச் சொல்லியிருக்கிறார்கள்.