மாதிரி இருந்தது

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

நேற்று ராத்திரி எங்கள் தெருவில் ஒரு பல்சர் காணாமல் போய்விட்டது. மூன்றாவது வீட்டுப் பையன் போன மாதம்தான் தவணையில் எடுத்தான். காலையில் எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் வந்தார்கள். தெருவில் கேமரா வைத்திருப்பது ஒரே வீடு. அதுவும் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. (தெரு பேர், ஸ்டேஷன் பேர் எதையும் இங்கே எழுதப்போவதில்லை. வடசென்னை என்பதோடு விட்டுவிடுங்கள்.)

சுகர்க்காரன் நான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டும். அப்படி எழுந்தவன் பால்கனியில் வந்து நின்றபோது, கீழே ஒருத்தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பெட்ரோல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துப் போய்ப் படுத்துவிட்டேன். இதைச் சொன்னதும் எஸ்.ஐ. என்னை ஜீப் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆள் எப்படி என்றார். ஒல்லி, உயரம், ஒரு தோளைச் சாய்த்து நடந்தான் என்றேன். "தெரிஞ்ச ஆளா சார்?" என்றார்.

"முகம் தெரியலைங்க. நடை மட்டும் நம்ம இஸ்திரிக்காரர் பையன் மாதிரி இருந்தது."

யாரும் என்னை மிரட்டவில்லை, உருட்டவில்லை. தெருவே எட்ட நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரிட்டையர் ஆகி மூன்று வருஷத்தில் யாரும் என் வாயை இப்படிப் பார்த்து நின்றதில்லை. அவ்வளவுதான் காரணம்.

செப்டம்பர் 11, வியாழன்

"பத்து நிமிஷம் வந்துட்டுப் போங்க சார்" என்று போன். போனேன். ஸ்டேஷன் வாசலில் பிடித்துவைத்த வண்டிகள் மேல் கொடி படர்ந்திருக்கிறது. ஒரு ஸ்கூட்டர் சீட்டுக்குள்ளிருந்து ஆமணக்கே முளைத்து நிற்கிறது.

ரைட்டர் எழுத ஆரம்பித்தார். "நான் மேற்கண்ட விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்." நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் அரைப் பக்கம் ஓடிவிட்டது. அப்புறம்தான் கேள்வி. பேசியது என்னவோ நான்தான், தாளில் வந்தது வேறு யாரோ. "பார்த்தேன்" என்றால் "தெருவிளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன்" ஆகிறது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தியவன். ஈய எழுத்துக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்ததால் தலைகீழ் எழுத்து எனக்கு நேர் எழுத்து மாதிரிதான். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அவர் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிக்கு மேல் வரியில் என் "மாதிரி" இல்லை. இஸ்திரிக்காரர் பேர் இருந்தது, அவருடைய மகன் "என்பதை அறிந்துகொண்டேன்" என்று இருந்தது, "மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்ட முடியும்" என்றும் இருந்தது.

"சார், நான் மாதிரின்னுதான்…" என்று இழுத்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான் சார். கோர்ட்ல கேட்டா அங்க சொல்லிக்கலாம்."

கையெழுத்து எங்கே போடணும் என்று கேட்டேன். இதற்குக் கையெழுத்து கிடையாது என்றார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விட்டுப்போனால்கூட மெஷினை நிறுத்தச் சொன்னவன் நான்.

செப்டம்பர் 13, சனி

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு இஸ்திரிக்காரர் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இஸ்திரி வண்டி பக்கத்தில்தான் நின்றிருந்தான். "திங்கக்கிழமை ராத்திரி எங்கடா இருந்தே?" என்று ஏட்டு கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். பையன் தரையைப் பார்த்தான். "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி, ஏறு" என்றார். அப்பா கையில் இருந்த கரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஜீப் பின்னால் ஓடினார். அவர் வைத்தது ஒரு சட்டை மேல். முதுகில் முக்கோணமாகக் கருகிப்போயிற்று. என்னுடைய சட்டை.

எட்டு மணிக்கு அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். எழும்பூர் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணுகிறாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தாள். ஒன்பதரைக்கு அவள், இஸ்திரிக்காரர், நான் மூன்று பேரும் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். எனக்கு 2020 சாத்தான்குளம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதுவும் அப்பாவும் பிள்ளையும்தான். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்றும் மாவுக்கட்டு என்றும் வாட்ஸ்அப்பில் சிரிக்கிறோமே, அந்த வாசலில் நின்றால் சிரிப்பு வராது.

அவள் சத்தமே போடவில்லை. "அரெஸ்ட்டா சார், விசாரணையா? அரெஸ்ட்னா மெமோ காட்டுங்க, வீட்டுக்குச் சொன்னதுக்குப் பதிவு காட்டுங்க. விசாரணைன்னா எழுத்துல நோட்டீஸ் குடுங்க, நாளைக்குக் காலையில நானே கூட்டிட்டு வரேன்." இதையே நாலு தடவை, ஒரே குரலில். மெமோவும் வீட்டுக்குச் சொல்வதும் டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னதுதானாம். பதினொன்றரைக்கு விட்டார்கள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

டீக்கடையில் அப்பாவைத் தள்ளி நிற்கவைத்துவிட்டுப் பையனிடம் கேட்டாள். ராத்திரியில் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறானாம். காலேஜுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. கட்டச் சொல்லிக் கொடுத்த ஃபீஸ் செலவாகிவிட்டது, அதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

"இதை அங்கயே சொல்லியிருக்கலாமேடா?"

"அப்பா நின்னுட்டிருந்தாருக்கா."

செப்டம்பர் 14, ஞாயிறு

மகன் நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டான். இவள் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள். "அப்பா, போலீஸ் என்ன கேட்டாலும் வாயே திறக்காதீங்க, லாயர் வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்று ஒரு அமெரிக்க வக்கீல் வீடியோவையும் அனுப்பினான். "அவருக்கு வாய்க்குப் பூட்டு போடணும்னு முப்பது வருஷமா நான் சொல்றேன்" என்று இவளும் சேர்ந்துகொண்டாள்.

மத்தியானம் அண்ணன் மகள் வந்தபோது வீடியோவைக் காட்டினேன். சிரித்தாள். "அது அவங்க ஊருக்கு, சித்தப்பா."

அங்கே 1966-ல் மிராண்டா வழக்கில் தீர்ப்பு வந்ததிலிருந்து, காவலில் வைத்துக் கேள்வி கேட்பதற்கு முன்னால் நீ பேசாமல் இருக்கலாம் என்று போலீஸே சொல்லியாக வேண்டும். இங்கே போலீஸ் அந்த வசனத்தைச் சொல்வதில்லை. மாஜிஸ்திரேட் ஒப்புதல் வாக்குமூலம் பதிவு செய்யும்போதுதான், நீ சொல்லியே ஆகவேண்டும் என்றில்லை, சொன்னால் உனக்கு எதிராகப் போகலாம் என்று எச்சரிக்க வேண்டும். அதற்காக உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அரசியல் சட்டம் 20(3) சொல்கிறது. அது கோர்ட் கூண்டுக்கு மட்டுமா, ஸ்டேஷனுக்கும் சேர்த்தா என்று ஒரு கேள்வி இருந்தது. ஒடிசா முதலமைச்சராக இருந்த நந்தினி சத்பதியிடம் 1977-ல் விஜிலன்ஸ் போலீஸ் கேள்விப் பட்டியலைக் கொடுத்தது. அவர் பதில் சொல்லவில்லை, அதற்கே அவர் மேல் கேஸ். அடுத்த வருஷம் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, அந்தப் பாதுகாப்பு போலீஸ் விசாரணையிலிருந்தே தொடங்குகிறது என்றது.

"அப்ப நானும் பேசாம இருந்திருக்கலாமா?" என்றேன், கொஞ்சம் ஆசையோடுதான்.

"நீங்க விட்னஸ். உங்களுக்கு அது முழுசாப் பொருந்தாது."

போன வருஷம் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 180-வது பிரிவு, பழையதில் 161. விஷயம் தெரிந்தவர் போலீஸ் கேட்டால் உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். தன்னையே மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு மட்டும் விலக்கு. ஆனால் எனக்கு அறுபத்திமூன்று. புதுச் சட்டப்படி அறுபது தாண்டியவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே கூடாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். பெண்களுக்கும் அப்படித்தான். பத்து நிமிஷம் என்று போன் வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியது என் குற்றம்.

கையெழுத்து விவகாரத்தையும் கேட்டேன். சாட்சி சொன்னதாகப் போலீஸ் எழுதுவதில் சாட்சியின் கையெழுத்து வாங்கக்கூடாது என்பது 181. பின்னால் கோர்ட்டில் நான் மாற்றிச் சொன்னால், அன்றைக்கு இப்படிச் சொன்னாயே என்று மடக்கத்தான் அது பயன்படும். நம்மைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆசிரியர் கண்ணிலேயே காட்டாமல் அச்சுக்குப் போகும் புரூஃப் அது. எனக்கு அன்றைக்கு முழுக்க அதுதான் மனசில் ஓடியது.

போலீஸிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது என்பது 1872 சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. வெள்ளைக்காரன் தான் வைத்த போலீஸையே நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. மெட்ராஸ் மாகாணத்தில் வரி வசூலிப்பவர்களும் போலீஸும் செய்த சித்திரவதையை விசாரிக்கப் போட்ட கமிஷனின் அறிக்கை 1855-ல் வந்தது. அதில் கிட்டி வருகிறது, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி விரல்களை இரண்டு கட்டைக்கு நடுவே வைத்து நெருக்குவது. பேப்பரில் "கிடுக்கிப்பிடி விசாரணை" என்று தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு இனிமேல் அதுதான் தோன்றும். அந்தத் தலைப்புக்கு நானே எத்தனை முறை ஒற்றுப்பிழை திருத்தியிருப்பேன்!

ஆனால் ஓட்டையும் இருக்கிறது. ஒப்புக்கொண்டவன் காட்டிய இடத்தில் பொருள் கிடைத்தால், அதற்குச் சம்பந்தப்பட்ட அந்தப் பேச்சு மட்டும் செல்லும். அதனால்தான் எல்லாக் கேஸிலும் ஒரு ரெகவரி வருகிறது என்றாள்.

"சரி, அப்ப நான் என்னதான் பண்ணியிருக்கணும்?"

"பார்த்ததைச் சொல்லியிருக்கணும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். சந்தேகத்தை ஏன் சொன்னீங்க? சந்தேகப்படறது அவங்க வேலை, அதுக்குத்தான் சம்பளம்."

பையன் வாயை மூடிக்கொண்டதும் உரிமைதானே என்றேன். உரிமைதான், ஆனால் பக்கத்தில் வக்கீல் இல்லாமல் ஸ்டேஷனில் அந்த உரிமைக்குக் கன்னம்தான் பதில் சொல்லும் என்றாள். விசாரணை முழுக்க இல்லாவிட்டாலும், நடுவில் வக்கீலைப் பார்க்கக் கைதானவருக்கு உரிமை உண்டாம். காசில்லாதவர்கள் 15100-க்குக் கூப்பிட்டால் இலவச சட்ட உதவி. அந்த நம்பரை இஸ்திரி வண்டியில் ஒட்டச் சொன்னால் என்ன என்று தோன்றியது. அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது என்றும் தோன்றியது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதினேன். எட்டே வரி. இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தேன், முகம் தெரியவில்லை, இன்னார் என்று சொல்லும்படி எதையும் பார்க்கவில்லை. நாலு முறை புரூஃப் பார்த்தேன். "போல", "மாதிரி", "என நினைக்கிறேன்" எதுவும் இல்லை. அண்ணன் மகளும் கூடவே வந்து பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கித் தந்தாள்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கதானே சார் சொன்னீங்க?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கோயம்பேட்டில் மண்டிக்காரர் கணக்கு நோட்டில் 8-ஆம் தேதி ராத்திரிக் கூலி அவன் பேரில் இருக்கிறது. போட்டோ எடுத்துக் கொடுத்தாயிற்று. அப்பாவுக்கும் காலேஜ் சங்கதி தெரிந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லையாம். பல்சர் இன்னும் கிடைக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இஸ்திரி வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, கரிப்பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். பையன்தான் பூசணிக்காய் உடைத்தான். என்னைப் பார்த்ததும் அவர் ஓடிவந்து பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்.

"நீங்களும் பாப்பாவும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும் சார். எவனோ வேணாதவன் சொல்லிவிட்டிருக்கான். யாருன்னுதான் தெரியலை."

நான் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் டவுசர் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார். நானூறு ரூபாய். "அன்னிக்கு உங்க சட்டையைக் கருக்கிட்டேன். பிடிங்க சார்." வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சட்டைப் பையில் திணித்துவிட்டு, அடுத்த துணியை எடுத்துத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்.