லோயிஸ் என்னும் தாய்

2000 ஜனவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2006 மே மாதத்தில் 151 பகுதிகளுடன் நிறைவடைந்த ‘மால்கம் இன் தி மிடில்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை இந்த வாரம் மீண்டும் பார்த்து முடித்தேன். பின்னணியில் சிரிப்பொலி சேர்ப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்த காலத்தில், லின்வுட் பூமர் உருவாக்கிய இத்தொடர் அதை அறவே தவிர்த்தது; எங்கே சிரிப்பது என்பதைப் பார்ப்பவரிடமே விட்டுவிட்ட அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடங்காத பிள்ளைகள், தீராத பணமுடை, எந்நேரமும் கூச்சல் என்றிருக்கும் அந்தப் புறநகர் வீட்டைத் தாங்கி நிற்பவள், கடையில் வேலை பார்த்துக்கொண்டே குடும்பத்தையும் கட்டி இழுக்கும் லோயிஸ்தான். முதன்முறை பார்த்தபோது அவளைக் கொடுமைக்காரியாகவே எண்ணினேன்; இப்போது அவளுடைய களைப்புதான் கண்ணில் படுகிறது.

இறுதிப் பகுதியில், மகன் மால்கமைத் தேடி வந்த பெருஞ்சம்பள வேலையை லோயிஸ் தட்டிக்கழித்துவிட்டு, அவன் பாடுபட்டுப் படித்து, எளியவர்களை மறக்காத அமெரிக்க அதிபராக வேண்டும் என்று சொல்லும் காட்சியில் கண் கலங்கிவிட்டது. லோயிஸ் வேடத்துக்காக நடிகை ஜேன் கஸ்மரெக் 7 முறை அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வெல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தமுண்டு.