கேஸ் பேனலில் டிலே வைத்த அனுபவம்

சர்வர் அறைக்கு எஃப்எம்-200 என்ற கேஸைக் கொட்டித் தீயை அணைக்கும் அமைப்பு போட்டு முடித்ததும், டிலே நேரம், அதாவது எச்சரிக்கை ஒலித்த பிறகு கேஸ் கொட்டும்வரை பேனல் காத்திருக்கும் நேரம், வைக்கும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் பேனலில் 0 முதல் 60 நொடி வரை, ஐந்து ஐந்தாக ஏற்றலாம். மெனுவில் எண்ணை மாற்றுவது சுலபம். எந்த எண் என்பதில்தான் இழுபறி.

சர்வர் பக்கத்து ஆட்கள் 60 கேட்டார்கள். நிஜமாகவே தீயா என்று ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாமே என்பது அவர்கள் கணக்கு. அதற்காக டிலே வைப்பதில்லை. ஆட்கள் வெளியேறவும் அறையைத் தயார்படுத்தவும் மட்டுமே டிலே என்கிறது இவ்வகை அமைப்புகளுக்கான அமெரிக்கத் தர விதி என்எஃப்பிஏ 2001. டிடெக்டர் சொன்னது சரியா என்று பார்க்கத்தான் இரண்டு ஸோன், அதாவது தனித்தனி டிடெக்டர் வரிசைகள், இருக்கிறதே! முதல் ஸோனில் மணி மட்டும் அடிக்கும். இரண்டாவதும் சேர்ந்தால்தான் கவுண்ட்டவுன்.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். முதலில் கேஸ் சிலிண்டரிலிருந்து, பேனல் சொன்னதும் அதைத் திறந்துவிடும் சோலனாய்டைக் கழற்றித் தனியே வைத்தோம். கடைசி ரேக்குக்குப் பின்னால், தரைப் பலகை ஒன்றைத் திறந்து வைத்துக் குனிந்து கேபிள் பார்க்கும் நிலையில் ஒருவர். எச்சரிக்கை ஹூட்டர் அடித்ததும் ஓடாமல் நடந்து வரச் சொன்னோம். 15 நொடிக்குள் வெளியே வந்துவிட்டார்.

ஏசி குழாயை அடைக்கும் தகடான டேம்பர்தான் ஆளைவிட மெதுவாக இருந்தது. ஏசி விசிறி சுற்றி ஓய்ந்து, மோட்டார் டேம்பர் முழுதாக மூட 22 நொடி. இந்த கேஸ் 10 நொடிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். டேம்பர் திறந்திருக்கும்போது கொட்டினால் கேஸ் அந்தக் குழாய் வழியே போய்விடும், அறையில் செறிவு நிற்காது. முதல் ஸோனிலேயே ஏசியை நிறுத்தலாமா என்றும் யோசித்தோம். தூசிக்கு ஒரு டிடெக்டர் அடித்தாலே சர்வர்கள் சூடாகும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம். 30 வைத்தோம். பலரும் யோசிக்காமல் வைக்கிற எண்ணும் அதுதான், என்ன செய்வது!

அப்புறம் மேனுவல் ரிலீஸ், அதாவது ஆளே பட்டனை அழுத்தி கேஸைத் திறப்பது. எங்கள் பேனலில் அதற்குத் தனி டிலே. வரும்போதே 0-வில் இருந்தது. வெளியே நின்று பட்டனை அழுத்துகிறவருக்கு ரேக் மறைவில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? அதையும் 30 ஆக்கினோம். சிலிண்டர் தலையில் உள்ள கைப்பிடியை இழுத்தால் டிலே கிடையாது, உடனே கொட்டும். அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டினோம்.

அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேஸைக் கொட்டவிடாத ஹோல்ட் பட்டனையும் அழுத்திப் பார்க்காமல் விடக்கூடாது. எங்களுடையதில் கையை எடுத்ததும் 30 முதலிலிருந்து ஓடுகிறது. விட்ட இடத்திலிருந்து தொடரும் பேனல்களும் உண்டு. பட்டன் இருக்கும் இடத்தில் அதையே எழுதி ஒட்டினோம்.

கடைசியில் பேனலை ரீசெட் செய்து, சோலனாய்டின் ஊசி உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே திரும்ப மாட்டினோம். ஊசி நீண்டிருந்தால் மாட்டும்போதே கேஸ் திறந்துவிடும். நாளைக்கு யாராவது டேம்பர் மோட்டாரை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும் என்பதால், 15, 22, 30 மூன்றையும் காரணத்தோடு எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.